பைண்டம்மாவின் முடிவுகள்

சனிக்கிழமை சாயங்காலம் நாலேகால் மணிக்கு, பண்ணையில் இரண்டாம் கறவைக்கான மணி அடித்து ஓய்ந்த நேரத்தில், பைண்டம்மா எங்கள் வீட்டுப் பின்வாசலில் வந்து நின்றார்.

"எங்க அம்மாயி உன் பொண்ணு? அவளுக்குன்னு முறுக்கு சுட்டு வெச்சிக்கினு உக்காந்திருக்கறன், ஆளயே காணம்."

நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். "உங்க வீட்டுலதான அக்கா இருக்கா? சாப்பிட்ட கையோட ஓடி வந்தாளே."

"எங்க ஊட்டுக்கா? இன்னிக்கு அரைநாள் பள்ளிக்கூடம், உன்கிட்டதான் தூங்கறான்னு நான் இருந்தன்."

முறம் என் கையிலேயே இருந்தது. அரிசி மட்டும் தரை முழுக்கச் சிதறிக் கிடந்தது. எப்போது கொட்டியது என்று எனக்குத் தெரியாது.

வசந்தாவுக்கு அப்போது எட்டு வயது. இப்போது அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஆனாலும் கடைக்குப் போனவள் கொஞ்சம் பிந்தினால் போதும், அரிசி சிதறும் அந்தச் சத்தம் எனக்குக் காதில் விழும். "அம்மாவுக்கு ஆரம்பிச்சிடுச்சு" என்று அவள் சிரிப்பாள். சிரிக்கட்டும். நான் பயந்த சுபாவம்தான். பெற்றவள் ஒருத்தியாவது பயப்பட வேண்டாமா?

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது என் பயத்தைப் பற்றி இல்லை. பைண்டம்மாவைப் பற்றி.

மத்திகிரி கால்நடைப் பண்ணை ஆபீஸில் என் வீட்டுக்காரருக்குக் குமாஸ்தா வேலை கிடைத்து, நாங்கள் சேலத்திலிருந்து சாமான்களோடு வந்து இறங்கியது ஐம்பதுகளின் தொடக்கத்தில். அன்றே அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சினேன். ஊர் புதிது, விறகும் புதிது, கண்ணில் புகை. பால் பொங்கி அடுப்பையே அணைத்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. அப்போது ஜன்னலுக்கு வெளியே ஒரு குரல்: "பேஷ்! பேஷ்! வந்த அன்னிக்கே பொங்கல் வெச்சாச்சு. மாட்டுக்கு எப்ப கொம்பு சீவறதா உத்தேசம்?"

எட்டிப் பார்த்தால், முட்டிக்கு மேல் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கை நிறைய அவரைக்காயோடு அடுத்த வீட்டு அம்மாள். நெற்றியில் பெரிய குங்குமம், மூக்கின் இருபுறமும் மூக்குத்தி. பேச்சு மட்டும் மதராஸில் கறுப்புக் கோட்டுப் போட்ட யாரோ வக்கீல் பேசுவது போல.

அது ஏன் என்று பிறகுதான் தெரிந்தது. அவர்கள் வீட்டுப் பேச்சு தெலுங்கு; என்னை 'அம்மாயி' என்பதும் அதில் 'பெண்ணே' என்று கூப்பிடுவதுதான். சந்தையில் கன்னடம். தமிழ் அவருக்குக் கல்யாணத்துக்குப் பிறகு வந்தது, அதுவும் பழைய பத்திரிகைகளிலிருந்து. அந்தப் பத்திரிகைகளின் சிரிப்புக் கதைகளில் வந்தவர்கள் எல்லாம் வக்கீல்கள், ஹெட்கிளார்க்குகள், சப்-ரிஜிஸ்திரார்கள். ஆகவே பைண்டம்மாவும் சாதாரணமாக அந்தப் பக்கத்துத் தமிழ் பேசுவார், உற்சாகம் வந்துவிட்டால் ஹெட்கிளார்க் ஆகிவிடுவார். பால் கறக்கிற மாதப்பனைப் பார்த்து, "என்ன ஓய், சௌக்கியமா?" என்பார். அவர் வைகிறாரா வாழ்த்துகிறாரா என்று தெரியாமல் மாதப்பன் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்வார்.

அவருடைய உண்மைப் பெயரை எழுதப் போவதில்லை. பண்ணைக் குடியிருப்பில் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியவும் தெரியாது. எல்லோருக்கும் பைண்டம்மா. காரணம், அவர் வீட்டு இரும்புப் பெட்டி. அதற்குள் இருந்தவை பைண்டு செய்த புத்தகங்கள். கெட்டி அட்டை, துணி முதுகு, முதுகில் தங்க எழுத்து.

வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் அவர் மாமனார் தேன்கனிக்கோட்டையில் நிலபுலத்தோடு வாழ்ந்தவர். மதராஸிலிருந்து வரும் வாரப் பத்திரிகை, மாதப் பத்திரிகை ஒன்றையும் விடமாட்டாராம். ஆனால் அவருக்கு வேண்டியது தொடர்கதை மட்டும். ஜமீன்தார் கொலை, காணாமல் போன வைர அட்டிகை, அநாதைப் பெண்ணின் கண்ணீர். தொடர் முடிந்ததும், இதழ் இதழாகப் பிரித்து, அந்தப் பக்கங்களை மட்டும் கிழித்தெடுத்து, கிருஷ்ணகிரிக்கு அனுப்பிப் பைண்டு செய்து வாங்குவார். மிச்சத்தை மூட்டை கட்டிப் பரணில் போடுவார்.

இந்த வழக்கம் பல வீடுகளில் உண்டு. எங்கள் சேலத்து வீட்டிலும் உண்டு. செய்தவர்களுக்குத்தான் அதன் தொல்லை தெரியும். தொடர்கதை எப்போதும் புதுத் தாளில் ஆரம்பிக்காது. அது தாளின் பின்பக்கத்தில் ஆரம்பித்தால், அதே தாளின் முன்பக்கத்தில் வேறு ஏதோ கதை முடிந்திருக்கும்; முன்பக்கத்தில் முடிந்தால், பின்பக்கத்தில் இன்னொரு கதை ஆரம்பித்திருக்கும். அதையும் சேர்த்துத்தான் கிழிக்க முடியும். அப்படி ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு பக்கம், கூப்பிடாத விருந்தாளி மாதிரி பைண்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். ஒரு சிரிப்புக் கதையின் தலை. ஒரு சிறுகதையின் வால். நடுவில் நாலு பத்தி.

பைண்டம்மா படித்தது இந்த விருந்தாளிகளை மட்டும். ஜமீன்தாரை யார் கொன்றார்கள் என்று அவருக்குக் கடைசி வரை தெரியாது.

"செத்துப் போனவனப் பத்தி எனக்கென்ன அம்மாயி? உயிரோட இருக்கறவங்க கதி தெரியாம நிக்குதே, அதப் பாரு" என்பார்.

அதுதான் அவர். பாதியில் நிற்கும் எதையும் அவரால் விட்டுவிட முடியாது. தலை கிடைத்தால் வால் கட்டுவார். வால் கிடைத்தால் தலை வைப்பார்.

அவரிடம் இருந்த வால்களில் பிரசித்தமானது நாற்காலி. ஒரு பக்கத்தின் மேலே இரண்டே வரி: "என்று சொல்லவே, நால்வரும் அவரை நாற்காலியோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். சுபம்." அவர் யார், அந்த நால்வர் யார், என்ன சொன்னார்கள், ஒன்றும் இல்லை. அதன் கீழே கூந்தல் தைல விளம்பரம்.

இந்த இரண்டு வரிக்கு அவர் எத்தனை கதை வைத்திருந்தார்! தீபாவளிக்கு வந்து பொங்கல் வரை எழுந்திருக்காத மாப்பிள்ளை. பேச ஆரம்பித்து நிறுத்தத் தெரியாத ஜில்லா போர்டு மெம்பர். கேட்பவருக்குத் தகுந்த மாதிரி நாற்காலியில் ஆள் மாறுவார்.

பண்ணைக்குப் புது சூப்பரிண்டெண்டெண்ட் வந்தபோது, எங்கே மாற்றிவிடுவாரோ என்று என் வீட்டுக்காரர் சோறு இறங்காமல் இருந்தார். பைண்டம்மா வேலிக்கு அந்தப் புறம் நின்று சொன்னார்:

"அந்த நாற்காலிக்காரரும் ஆபீஸருதான் தம்பி. வந்த ஒடனே எல்லாரையும் மாத்தினாரு. இவன அங்க, அவன இங்க. கடைசில பியூன் கூட மிஞ்சல. தண்ணி கேட்டா குடுக்க ஆளில்ல, எழுந்திருக்கக் கை குடுக்க ஆளில்ல. மனுஷன் நாற்காலியோட நாற்காலியா ஒட்டிக்கினாரு. அப்பறம் பக்கத்து ஆபீஸ்லருந்து நாலு பேர் வந்து..."

மறுநாள் சூப்பரிண்டெண்டெண்ட் நாற்காலியில் சாய்ந்தபோதெல்லாம் என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்ததாம். எப்போதும் சிரித்த முகமான குமாஸ்தா என்று அவருக்கு நல்ல பெயர் கிடைத்து, நாங்கள் மத்திகிரியிலேயே இருந்தோம்.

பைண்டம்மா கட்டும் முடிவுகளில் ஒன்றை நான் கவனித்திருக்கிறேன். வீட்டை விட்டுப் போனவர் யாரானாலும் திரும்பி வந்துவிடுவார். வந்து, வாசலில் நின்று, ஏதாவது ஒரு வார்த்தை சொல்வார். அந்த வார்த்தையில்தான் சிரிப்பு. அச்சுக் கதைகளோடு நிறுத்திக்கொண்டாலும் பரவாயில்லை, நிஜ மனிதர்களுக்கும் அவர் இப்படியே செய்தார். மாதப்பனின் மனைவி கோபித்துக்கொண்டு ஊத்தங்கரைப் பக்கம் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். மாதப்பன் மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

"அழுவாத ஓய். வர்ற வெள்ளிக்கிழம வந்துடுவா. வாசப்படி ஏறறதுக்கு முன்னாடியே, 'களி கிண்டத் தெரியுதா இப்ப?'ன்னு கேப்பா, பாரு."

வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை. அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை வந்தாள். கேட்டதும் ஏறக்குறைய அதேதான்.

"ஒரு வாரம் தப்பிப் போச்சே அக்கா" என்றேன்.

"அடுத்த இதழ்ல வந்திருக்குது" என்றார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

எனக்கு இதெல்லாம் முழுச் சம்மதம் என்று சொல்ல மாட்டேன். பள்ளி இறுதி வகுப்பு வரை படித்தவள் நான். என் மகள் பொழுது விடிந்தால் அந்த இரும்புப் பெட்டியின் முன்னால் போய் உட்கார்ந்தாள். இல்லாததை இருப்பதாகச் சொல்லக் குழந்தை கற்றுக்கொள்ளுமோ என்று எனக்கு உள்ளூர ஒரு கவலை. நடந்தது நேர் எதிர். வசந்தா நிஜத்தைக் கேட்க ஆரம்பித்தாள்.

அவளைப் பிடித்துக்கொண்டது ரயில் கதை. நீல அட்டைப் பைண்டில் இருந்தது, தலை மட்டும். ஒரு பெரிய மனிதர் மனைவியோடு ரயிலில் போகிறார். ரயில் கால அட்டவணை முழுவதும் தனக்கு மனப்பாடம் என்று பெட்டியில் இருப்பவர்களுக்கெல்லாம் பாடம் நடத்துகிறார். ஒரு ஸ்டேஷனில், இங்கே இந்த ரயில் வெகு நேரம் நிற்கும் என்று சொல்லி, காப்பி குடிக்க இறங்குகிறார். காப்பி ஒரே சூடு. கார்டு கொடியை அசைக்கிறார். மனைவி ஜன்னலில் தலையை நீட்டிக் கூப்பாடு போடுகிறாள். அந்தப் பக்கத்தின் கடைசி வரி எனக்கு இன்றும் மனப்பாடம்: "கையிலோ கொதிக்கும் காப்பி, கண்ணெதிரிலோ நகரும் ரயில், அவர் ஒரு கணம்"

அவ்வளவுதான். தாளைத் திருப்பினால் ஜமீன்தார் ரத்த வெள்ளத்தில் கிடப்பார்.

அது எந்த ஸ்டேஷன் என்று அச்சில் இல்லை. பைண்டம்மா அதைச் சாமல்பட்டி ஆக்கிவிட்டார். அவர் வாழ்க்கையில் ஒரு கல்யாணத்துக்காக ரயிலேறி இறங்கியது அந்த ஒரு ஸ்டேஷனில்தான். ஒரு நாள் காப்பிக்காரர் டம்ளரை விடாமல் அவர் பின்னால் ஓடுவார். ஒரு நாள் மனைவியே அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, திரும்பி வந்து, "கால அட்டவணைல என் பேரு போட்டிருக்குதா பாருங்க" என்பாள். ஒவ்வொன்றுக்கும் வசந்தா வயிறு குலுங்கச் சிரிப்பாள். சிரித்து முடித்ததும் கேட்பாள்:

"இதெல்லாம் சரி அத்தை. நிஜமா என்ன ஆச்சு?"

"உனுக்கு எது வேணுமோ அது."

"அப்படி இல்ல. எழுதினவரு ஒன்னுதான எழுதியிருப்பாரு?"

ஒரு நாள் இந்தத் தொந்தரவு தாங்காமல் பைண்டம்மா வாய்விட்டுவிட்டார். "நிஜ முடிவு தேன்கனிக்கோட்டைல எங்க ஓரகத்தி ஊட்டுப் பரண் மேல தூங்குது. பஸ் நிக்கற எடத்துக்கு எதுக்க, பச்சக் கதவு. போதுமா?"

"போய்க் கேக்கலாமே அத்தை?"

பைண்டம்மாவின் முகம் பெட்டியை மூடுவது போல மூடிக்கொண்டது. "அந்த ஊட்டுப் படி நான் ஏற மாட்டன்."

அந்த ஓரகத்தி அவர் கணவரின் அண்ணன் மனைவி. அந்தச் சண்டையும் பைண்டுச் சண்டைதான். மாமனார் காலமான பிறகு பாகம் பிரித்தார்கள். நிலம், மாடு, அண்டா எல்லாம் ஒரு சொல் இல்லாமல் பிரிந்தன. கடைசியில் பத்திரிகைகள். பைண்டு செய்தவை தம்பிக்கு, பரணில் கிடந்த உதிரித் தாள்கள் அண்ணனுக்கு என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். "தங்க எழுத்துப் போட்டது அவளுக்கு, குப்ப எனக்கா?" என்று மூத்தவர் கேட்டார். "சிரிக்கறதெல்லாம் உங்களுக்கு, அழுவறது எனக்கா?" என்று இளையவர் கேட்டார். இரண்டு பேரும் கேட்டதில் நியாயம் இருந்தது. அதனால்தான் பேச்சு நின்று போனது.

இது எனக்கும் தெரிந்த கதை. அந்தச் சனிக்கிழமை பின்வாசலில் நின்றபோது இரண்டு பேருக்கும் ஏனோ அது ஞாபகம் வரவில்லை. கிணற்றுக்குத்தான் முதலில் ஓடினேன். என் வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து ஓடி வந்தார். மாதப்பன் வைக்கோல் போரைச் சுற்றி வந்தார், தீவனக் கொட்டகையைப் பார்த்தார், கன்றுக்குட்டிப் பட்டிக்குள் குனிந்து குனிந்து பேர் சொல்லிக் கூப்பிட்டார். நான் கிணற்றடியை விட்டு நகரவில்லை. தண்ணீர் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

அப்போது பைண்டம்மா தன் வீட்டிலிருந்து மெதுவாக வந்தார். "பொட்டில நீல பைண்டு இல்ல அம்மாயி."

வெளி கேட்டுக்கு எதிரே டீக்கடைக்காரரைப் போய்க் கேட்டோம். "அதுங்களா? மத்தியானம் தேன்கனிக்கோட்ட பஸ்ல ஒரு பாப்பா ஏறுச்சே. தன்ன விடப் பெரிய பொஸ்தகத்தக் கட்டிப் புடிச்சிக்கினு. சந்தைக்கு வந்த பொம்பளைங்களோட இருந்துது, அவங்க பொண்ணுன்னு நெனச்சிட்டன்" என்றார்.

பிறகு தெரிந்தது, கண்டக்டரும் அப்படியே நினைத்திருக்கிறார். சந்தை நாளில் பஸ்ஸில் குழந்தைகள் யார் மடியில் இடம் இருக்கிறதோ அங்கே உட்காரும். "யார மகு இது?" என்று, குழந்தை யாருடையது என அவர் கன்னடத்தில் கேட்டபோது, முன் சீட்டில் இருந்தவர்கள் பின் சீட்டைக் காட்டினார்கள், பின் சீட்டில் இருந்தவர்கள் முன் சீட்டைக் காட்டினார்கள்.

அன்றைக்கு அந்தப் பக்கம் போக இனி பஸ் இல்லை. போனது திரும்பி வருவது ஒன்றுதான். என் வீட்டுக்காரரும் மாதப்பனும் ஆபீஸ் சைக்கிளில் ஒருவரை ஒருவர் மாற்றி மாற்றி ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். கோட்டைப் பக்கம் ராகிக் கொல்லையில் யானை இறங்கியிருப்பதாக அந்த வாரம் முழுவதும் பேச்சு. டீக்கடைக்காரர் அதைச் சொல்ல வாயெடுத்தார். பைண்டம்மா பார்த்த பார்வையில் டம்ளரைக் கழுவப் போய்விட்டார்.

கேட்டுக்குப் பக்கத்து மதகின் மேல் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். வெயில் சாய்ந்து, மாடுகள் கொட்டகைக்குத் திரும்பும் தூசி அடங்கியது. ரோடு நேராகப் போய்ப் புளியமரங்களுக்குள் மறைந்தது. அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சொல்லுங்கக்கா" என்றேன்.

"என்னாத்தச் சொல்ல?"

"ஏதாவது ஒரு முடிவு. மாதப்பனுக்குச் சொன்னீங்களே. எனக்கும் சொல்லுங்க. வருவா, வந்து இப்படிக் கேப்பான்னு சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. அவரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"வர மாட்டேங்குது அம்மாயி. இவ்ளோ பக்கத்துல இருந்தா எனக்குச் சொல்ல வராது."

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தது நல்லதாகப் போயிற்று, அழுகை நின்றது. "அப்படின்னா உங்க ஓரகத்தி எப்படிப்பட்டவங்க, அதையாவது சொல்லுங்க. என் பொண்ணு இப்ப அங்கதான இருப்பா?"

பிறகு ரோட்டைப் பார்த்தபடியே பேசினார்.

"கதவத் தெறந்த ஒடனே ஒரு சத்தம் போடுவா. யாரு பெத்த புள்ள இது, தனியா உட்ட மகராசி யாருன்னு. உன்ன வைவா. கோச்சுக்காத."

"வையட்டும்."

"அப்பறம் தலையப் பாப்பா. பின்னல் அவுந்திருந்தா அவளுக்கு ஆவாது. இழுத்து உக்கார வெச்சு, எண்ண தேச்சு, கண்ணு மேல போற மாதிரி இறுக்கிப் பின்னுவா. பின்னிக்கினே சோறு ஊட்டுவா. வேணாம்னா தலைல ஒரு குட்டு."

"இது நீங்க கட்டறதா அக்கா?"

"கட்டல. எனக்கு அப்படித்தான் செஞ்சா." அவர் குரல் தாழ்ந்தது. "கல்யாணமாயி வந்தப்ப எனக்குத் தமிழ் எழுத்து ஒன்னு தெரியாது. அவதான் மடில பைண்ட வெச்சிக்கினு, ஒவ்வொரு எழுத்தா வெரல் வெச்சுக் காட்டினா. மாமனார் இருந்த வரைக்கும் பரண்ல கை வெக்கக் கூடாது. அதனால பாதிக் கதைக்கெல்லாம் நாங்களே முடிவு வெப்போம். நான் ஒன்னு, அவ ஒன்னு. அந்த நாற்காலி இருக்குதே, அதுல மொதல்ல மாமனாரையே உக்கார வெச்சவ அவதான். ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல மாவாட்டற கல்லே நின்னு போச்சு."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. கதைகளின் மீதி ஒரு பஸ் தூரத்தில் இருந்திருக்கிறது. ஏறிப் போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அதைக் கேட்க மனம் வராமல்தான் இந்த அம்மாள் ஊருக்கெல்லாம் முடிவு கட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

"சோறு போட்டு, பஸ்ஸுல ஏத்தி விட்டுடுவாங்களா?" என்று கேட்டேன்.

"ஏத்தி உடறதா? அவளா? கண்டக்டர நம்ப மாட்டா, டிரைவர நம்ப மாட்டா. பொட்டப் புள்ளய யார் கூடவும் அனுப்ப மாட்டா."

"அப்ப எப்படி..."

நான் முடிக்கவில்லை. தான் சொன்னதை அவரே அப்போதுதான் கேட்டவர் போல இருந்தார். பிறகு எழுந்து, செருகியிருந்த புடவையைக் கீழே இழுத்து விட்டுக்கொண்டார். கொண்டையை அவிழ்த்து, திரும்ப முடிந்தார். மதகுக் கீழே ஓடிய தண்ணீரில் கையை நனைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். குங்குமம் கலைந்ததைக் கூடக் கவனிக்கவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்துக்குப் புளியமரங்களுக்குள் இரண்டு வெளிச்சம் தெரிந்தது. நடுவழியில் என் வீட்டுக்காரரும் மாதப்பனும் இதே பஸ்ஸுக்குத்தான் சைக்கிளை ஓரம் கட்டி வழிவிட்டிருக்கிறார்கள், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல். பண்ணை கேட்டில் அந்த பஸ் நிற்காது. அன்று நின்றது. நிற்காமல் இருந்திருந்தால் உள்ளிருந்து கேட்ட அதட்டலில் டிரைவர் வேலையை விட்டிருப்பார்.

முதலில் நீல பைண்டு இறங்கியது. அதற்குப் பின்னால் வசந்தா. தலை பளபளவென்று எண்ணெயில் மின்னியது. பின்னல் இரண்டும் கம்பி மாதிரி, புருவம் நெற்றிக்கு ஏறியிருந்தது. நான் அவளைக் கட்டிப் பிடித்தேனா அடித்தேனா என்று எனக்கு நினைவில்லை. இரண்டும் செய்தேன் என்று அவள் சொல்கிறாள்.

"அம்மா, அவரு காப்பியக் கீழ போடலம்மா!" என்று என் பிடிக்குள்ளிருந்தே கத்தினாள். "ஒரு கணம் யோசிச்சாராம். அப்புறம் ஊதி ஊதிக் குடிச்சாராம்! ரயிலத் திரும்பிக் கூடப் பாக்கலையாம்!"

அவளுக்குப் பின்னால், படியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஓர் உயரமான அம்மாள் இறங்கினார். தலை முக்கால் நரை. கையில் துணி மூட்டை. மூட்டையின் வாயிலிருந்து பழுப்பு நிறத் தாள்கள் எட்டிப் பார்த்தன. பஸ் போனது. தூசி அடங்கியதும் என்னை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார். வசவு வருகிறது என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் அவர் என்னைத் தாண்டி நடந்து போய், மதகடியில் அசையாமல் நின்ற பைண்டம்மாவின் முன்னால் நின்றார். கலைந்த குங்குமத்தைக் கட்டை விரலால் சரி செய்தார். பிறகு மூட்டையை அவர் கையில் திணித்தார்.

"ஏமே, அந்தாளு காப்பியக் குடிச்சிட்டு வெறும் டம்ளரோட நிக்கறாரு. அதுக்கு மேல கரையான் தின்னுடுச்சு. மீதி எங்கிட்டயும் இல்ல. உங்கிட்ட மூட்ட மூட்டயா முடிவு கெடக்குதுன்னு இந்தப் பொண்ணு சொல்லுச்சு. ஒன்னு சொல்லுடி. கேட்டுட்டுக் காலைல பஸ்ஸுக்குப் போறன்."